ஏற்றுவதும் இறக்குவதும்

தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் அரபிக்கடலிலிருந்து ஆவியாகிப் புறப்படுகிறது, தாமிரபரணியில் ஓடப்போகும் இந்த நீர். புறப்படும்போதே ஒரு சுமையை இறக்கிவிட்டு இன்னொன்றை ஏற்றிக்கொள்கிறது. இறக்குவது உப்பு, லிட்டருக்குச் சுமார் 35 கிராம், அத்தனையும் கடலிலேயே தங்கிவிடும். ஏற்றுவது வெப்பம். நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பவை. பிரித்தெடுக்க ஏகப்பட்ட வெயில் செலவாகும். உலை வைத்தவர்களுக்குத் தெரியும்: கொதி சீக்கிரம் வந்துவிடும். அந்த நீர் முழுதும் வற்றவோ, கொதி வரச் செலவானதைப் போல ஏழு மடங்குக்கு மேல் வெப்பம் வேண்டும்.

பொதிகை மலையில் முட்டி மேலேறும் காற்று குளிர்கிறது. தூசியோ கடலுப்பின் துகளோ கிடைத்தால் அதைப் பற்றிக்கொண்டு ஆவி துளியாகிறது. கடலில் வாங்கிய வெப்பத்தைக் காற்றிடம் கொடுத்துவிடுகிறது. இடிமேகம் அவ்வளவு உயரம் எழுவது இந்த வெப்பத்தால்தான். நீர் ஆவியாகக் காற்றில் இருப்பது சராசரியாக 9 நாள்தான். விழும் துளியும் படங்களில் வரைவதுபோல் தலை கூர்ந்திருப்பதில்லை. சிறியது உருண்டை, பெரியது காற்றின் அழுத்தத்தால் அடி தட்டை.

காட்டில் விழுந்ததெல்லாம் நேரே ஓடைக்குப் போவதில்லை. ஒரு பங்கு சருகடியில் இறங்கி, மண்ணின் நுண்துளைகளில் தங்கி, மாதக்கணக்கில் கசிகிறது. மழை நின்ற பிறகும் தாமிரபரணியில் ஓட்டம் இருப்பதற்கு இந்தக் கசிவு ஒரு பெரிய காரணம். அணைகளைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்த மண்ணைப் பற்றி நாம் பேசுவதில்லை. மண்ணில் இருக்கும் கரியமில வாயு கரைந்து நீருக்கு மெல்லிய அமிலத்தன்மை வருகிறது. அது பாறையைச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. மறுபடியும் சுமை ஏறிவிட்டது, நாக்குக்குத்தான் தெரியாது.

பாபநாசத்தில் மின்சாரத்துக்காகச் சக்கரங்களைச் சுழற்றிவிட்டு, அணைக்கட்டு அணைக்கட்டாகப் பிரிந்து கார் பருவ நெல்லுக்குப் பாய்கிறது. வேர் உறிஞ்சுவதில் மிகப் பெரும்பகுதி இலை வழியே வெளியேறிவிடும். இலையில் ஒரு மூலக்கூறு ஆவியாகும்போது அடுத்ததை இழுக்கிறது, அது அதற்கடுத்ததை. உயர்ந்த மரத்திலும் இதே கதைதான். பம்பு எதுவும் கிடையாது. டப்ளினில் ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் இந்த விளக்கத்தை 1894இல் முன்வைத்தார்கள்.

மிச்சம் ஸ்ரீவைகுண்டம் தாண்டி, புன்னக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. பாறையிலிருந்து கொண்டுவந்ததை அங்கே சேர்க்கிறது. ஆறுகள் யுகயுகமாகச் செய்யும் இந்த வேலைக்குக் கடலின் உப்பில் பெரும் பங்கு உண்டு. பக்கத்திலேயே தூத்துக்குடி உப்பளங்கள். பாத்தியில் கட்டிய உவர்நீரை வெயில் வற்ற வைக்க, முதலில் ஜிப்சம் படியும், பிறகே உப்பு. இடையில் ஒரு நல்ல மழை பெய்தால் போதும், விளைந்த உப்பு கரைந்துவிடும். ஆகவே அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பளங்களில் வேலை நிற்கிறது; அதே மழையை நம்பி ஆற்றங்கரை வயல்களில் பிசானப் பருவ நெல்லுக்கு உழவு தொடங்குகிறது.