மல்யுத்த வீராங்கனைகள் போராட்டம் (2023)

இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவரும் பாஜக எம்.பி.யுமான பிரிஜ் பூஷண் சரண் சிங் வீராங்கனைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாகக் கூறி, முன்னணி மல்யுத்த வீரர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் நடத்திய போராட்டம். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். வினேஷ் போகத், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் முன்னின்றனர். சாக்‌ஷி, ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை (ரியோ, 2016).

ஜனவரி 18 அன்று தொடங்கிய போராட்டம், மேற்பார்வைக் குழு (பின்னர் மேரி கோம் தலைமையில் அமைந்தது) ஒன்றை அமைப்பதாக உறுதிமொழி கிடைத்ததும் நின்றது. ஏப்ரல் 23 அன்று மீண்டும் எழுந்தது. வீராங்கனைகள் உச்ச நீதிமன்றம் சென்ற பிறகே, ஏப்ரல் 28 அன்று, டெல்லி போலீஸ் வழக்குப் பதிந்தது. உலகப் பதக்கம் வென்றவர்களுக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத மாவட்ட வீராங்கனையின் புகார் எந்த மேசையில் கிடந்திருக்கும்? மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தவர்களைப் போலீசார் சாலையில் இழுத்துச் சென்றனர். இரு நாள் கழித்துப் பதக்கங்களைக் கங்கையில் விட ஹரித்வார் போனவர்களை விவசாயிகள் சங்கத் தலைவர் நரேஷ் திகாயத் தடுத்தார்.

டிசம்பர் 21 அன்று பிரிஜ் பூஷணின் நெருங்கிய கூட்டாளியான சஞ்சய் சிங் கூட்டமைப்பின் தலைவராகத் தேர்வானார். அன்றே சாக்‌ஷி, செய்தியாளர் சந்திப்பில் தன் காலணிகளை மேசைமேல் வைத்து, அழுதபடி ஓய்வை அறிவித்தார். 2024 மே மாதம் டெல்லி நீதிமன்றம் பிரிஜ் பூஷண்மீது குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது.