சாரையின் தோலும் இருளர் வாழ்வும்

தாம்பரத்திற்குத் தெற்கே, பெருங்களத்தூர் தொடங்கிச் செங்கல்பட்டு வரையிலான நிலம் ஏரிகளும் அவற்றின்கீழ் நெல்வயல்களுமாய்க் கிடந்தது. நெல் உள்ள இடத்தில் எலி. எலி உள்ள இடத்தில் சாரை. சாரையின் தடம் பார்த்து இருளர். இந்தத் தொடர்ச்சிக்குள் தோல் வணிகம் புகுந்ததுதான் இவ்வட்டாரத்துச் சாரையின் வரலாறு.

சாரைக்கு விடமில்லை, ஆறடிக்கு மேலும் வளரும். நீளமான அதன் தோல் கைப்பைக்கும் இடைவாருக்கும் செருப்புக்கும் ஏற்றதாக இருந்தது. இருளர் பிடித்துக் கொடுத்தனர்; தோல் கடல் கடந்தது. அயல்நாட்டுக் கடை விலைக்கும் அவர்கள் கைக்கு வந்த காசுக்கும் உறவே இல்லை. (சாரை நாகத்தோடு பிணையும் என்று நம் ஊர்களில் இன்றும் சொல்வார்கள். பின்னி எழுந்து நிற்பவை உண்மையில் வலிமை பார்க்கும் இரண்டு ஆண் சாரைகள். இவ்வளவு உறவு கற்பித்தும், நாகத்திற்குக் கிடைத்த புற்றும் பாலும் சாரைக்குக் கிடைக்கவில்லை.)

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. சாரை பிழைத்தது. இருளர் என்ன செய்வர் என்பதைச் சட்டம் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எண்ணியவர் ராமுலஸ் விட்டேகர். பெருங்களத்தூருக்கு அருகே சேலையூரில் பாம்புப் பண்ணை தொடங்கிப் பின்னர் அதைக் கிண்டிக்குக் கொண்டுசென்றவர். பாம்பைப் பற்றி இருளரிடமே கற்றவர். அவர் முயற்சியால் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. வடநெம்மேலியில் பாம்புகளை மண்பானைகளில் சில வாரம் வைத்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சு பாம்புக்கடி மருந்தாகிறது.

ஆனால் இப்புதிய கணக்கில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என நான்குக்கே இடம். கொல்லும் பாம்பு உயிரோடு விலை பெற்றது. வயலைக் காக்கும் சாரைக்கோ செத்தால் மட்டுமே விலை இருந்தது. உழவனின் நெல்லை மிச்சப்படுத்தியதற்குச் சாரைக்கு யாரும் கூலி கணக்கிட்டதில்லை.

நஞ்சில்லாப் பாம்பு இருளருக்கு மீண்டும் ஊதியம் தந்தது வெகு தொலைவில். ஃபுளோரிடாவின் சதுப்புநிலங்களில் பெருகி, அங்குள்ள உயிர்களை விழுங்கிவந்த பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க, 2017இல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அழைக்கப்பட்டனர். முதல் இரு வாரங்களுக்குள் 13 பாம்புகளைப் பிடித்தனர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.