பெரிய ஸ்பீக்கர், சின்ன ஆம்ப்

1986 என்று நினைவு. வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பிய நண்பரிடம் இடுப்புயர ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை வாங்கினேன். வீட்டில் இருந்ததோ 15 வாட் ஆம்ப்ளிஃபயர். தங்கை கல்யாணத்துக்கு முந்தின இரவு வீடு நிறைய உறவுக்காரர்கள். வால்யூமைக் கடைசிவரை திருகினேன். அரை மணியில் ட்வீட்டர் இரண்டும் போய்விட்டன.

பழுது பார்க்க வந்த மெக்கானிக், "ஆம்ப் பத்தலை சார், அதான் எரிஞ்சிடுச்சு" என்றார். பவர் அதிகமானால் எரியும், குறைந்தால் எப்படி எரியும்? புது ஆம்ப்பை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்து, நாலு பேர் முன்னால் கடிந்து பேசிவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில், ஆர்கன்சா மாநிலத்து ஹோப் என்னும் சிற்றூரில், பால் கிளிப்ஷ் 1946இல் ஸ்பீக்கர் கம்பெனி தொடங்கினார். அவருடைய கிளிப்ஷ்ஹார்ன் அறை மூலையில் பீரோ மாதிரி நிற்கும். உள்ளே மடித்து வைத்த புனல். மூலைச் சுவர்களே அந்தப் புனலின் நீட்சி. அன்றைய வால்வு ஆம்ப்களின் பவர் குறைவு. 1947இல் இங்கிலாந்தில் வில்லியம்சன் வெளியிட்ட புகழ்பெற்ற ஆம்ப்பே 15 வாட்தான். அந்தப் பெரிய புனலுக்கு அதுவே தாராளம்.

1954இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் எட்கர் வில்ச்சர் வேறு வழி பிடித்தார். காற்றுப் புகாத சின்னப் பெட்டி. உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங். சின்னப் பெட்டியிலிருந்து ஆழமான பாஸ் வந்தது. ஆனால் பவர் அதிகம் கேட்டது.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, வாட் மலிந்தது. 1970களின் தொடக்கத்தில் பாப் கார்வரின் ஃபேஸ் லீனியர் 700 ஒரு சேனலுக்கு 350 வாட் கொடுத்தது. மேக்னபிளேனர் போன்ற ஆளுயரப் பேனல் ஸ்பீக்கர்களுக்கு அத்தகைய ஆம்ப்கள் தேவைப்பட்டன.

ஆகவே, உருவத்தைப் பார்த்து ஆம்ப் வாங்கக் கூடாது. ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியைப் பார்க்க வேண்டும். அதாவது, 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது. அது 3 குறைந்தால் அதே சத்தத்துக்கு இரு மடங்கு பவர் வேண்டும். 10 குறைந்தால் பத்து மடங்கு. 105 டெசிபல் ஸ்பீக்கர் 1 வாட்டில் செய்யும் வேலைக்கு 85 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட் கேட்கும்.

மெக்கானிக் சொன்னதும் சரிதான். ஆம்ப்பை அதன் சக்திக்கு மீறி விரட்டினால் ஒலியலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். அதில் பிறக்கும் உயர் அதிர்வுகள் நேரே ட்வீட்டருக்குப் போகும். அதன் மெல்லிய காயில் சூடு தாங்காமல் எரிந்துவிடும்.

சென்ற வருடம் அவரைத் தேடிப் போனேன். கடை இல்லை, எங்கே போனார் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. நேரில் சொல்ல வேண்டியதை இங்கே எழுதி வைக்கிறேன்: நீங்கள் சொன்னது சரி, ஐயா. தப்பு என்னுடையது.