பிள்ளைக் கணக்கு: முத்துக்கரையிலிருந்து

தூத்துக்குடிக் கடலில் அரசு கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961இல். அதே ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கை வைத்துத்தான் அன்றைய சென்னை மாநிலத்தின் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39ஆகக் குறைக்கப்பட்டன. 1967 தேர்தல் முதல் அந்த 39தான். இரண்டு செய்திகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்கலாம். முத்து அரிதானால் விலை ஏறும். மற்ற மாநிலங்களைவிட மெதுவாகப் பெருகிய மாநிலத்துக்கோ விலை இறங்கியது.

அந்தக் குறை இன்று பெரிய பயமாக வளர்ந்திருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டைச் செய்துகாட்டிய மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்றுதான் 1976இல் 42ஆம் அரசியல் சட்டத் திருத்தம் தொகுதிகளின் எண்ணிக்கையை உறைய வைத்தது. பிறகு 84ஆம் திருத்தம் அதை 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்புவரை நீட்டித்தது. அந்தக் காவல் முடியும் காலம் இது. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் சராசரிப் பிள்ளைகள் தமிழ்நாட்டில் 1.4, இந்தியாவில் 2.0. ஒரு தலைமுறை தன் இடத்தை அப்படியே நிரப்பிவிட்டுப் போக 2.1 வேண்டும் என்பார்கள். 2024 அக்டோபரில் ஒரு திருமண மேடையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'பதினாறும் பெற்று' என்ற பழைய வாழ்த்தை எடுத்துப் பேசினார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், புதுமணத் தம்பதிகள் தாமதிக்காமல் பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார். ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவும் அதே பருவத்தில் அதையே பேசினார்.

தொகுதி குறையும் என்ற மனக்குறை நியாயமானது. அதைச் சொல்லிவிட்டே மேலே போக வேண்டும். ஆனால் அந்த நியாயத்தைக் கேட்க வேண்டிய இடம் தில்லி. கேட்கப்பட்டதோ கல்யாண மேடையில், கழுத்தில் மாலையோடு நிற்கும் பெண்ணிடம்.

இந்தக் கரையில் ஆட்களை எண்ணுவது புதிதல்ல. கொற்கைக் காலம் தொட்டுப் பாண்டியர், போர்ச்சுகீசியர், 1658இல் வந்த டச்சுக்காரர், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் என யார் ஆண்டாலும் முத்துக்குளிப்புக் கணக்கு எழுதினார்கள். எத்தனை தோணி, எத்தனை குளியாள், எத்தனை ஆயிரம் சிப்பி என்று ஏடு நிறையும். எந்தப் பாரில் சிப்பி முற்றியிருக்கிறது என்று மாதிரி எடுத்துப் பார்த்து, முற்றவில்லையென்றால் ஆண்டுக்கணக்கில் குளிப்பை நிறுத்தியும் வைப்பார்கள். சிப்பி ஓய்ந்திருக்க வேண்டும் என்பது அரசுக்குப் புரிந்திருந்தது. இந்தக் கதைக்குள் பெண் வரும் இடம் ஒன்றுதான். கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை மேலே தோணியில் அவன் மைத்துனன் பிடித்திருப்பான் என்று இக்கரையில் வழிவழியாகச் சொல்வார்கள். தன் உடன்பிறந்தவள் தாலி அறுக்கக் கூடாதே என்று அவன் கயிற்றை விடமாட்டானாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆயிரமாண்டுத் தொழிலொன்றில் பெண்ணுக்குக் கிடைத்த பங்கு, விதவையாகக்கூடும் என்ற சாத்தியம் மட்டுமே என்பதையும் அதே கதை சொல்லிவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே ஆட்கள் 'மிகுதி' என்று கருதப்பட்டார்கள். 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது; அதே ஆண்டு தாது வருடப் பஞ்சமும் வந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளை ஏற்றிய வாசல்களில் இந்தத் துறைமுகமும் ஒன்று. ஊருக்கு வெளியே தட்டப்பாறையில் அவர்களை அடைத்துவைத்து நோய் பார்த்து அனுப்பும் முகாம் இருந்தது. தேயிலைக்குப் பெண் விரல்கள் வேண்டும் என்பதால் குடும்பம் குடும்பமாகவே ஏற்றினார்கள். சுமார் 90 ஆண்டு கழித்து, 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களின் வழிவந்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று எழுதியது. மக்கள் எப்போது மிகுதி, எப்போது தட்டுப்பாடு என்பதை நிர்ணயித்தவர்கள் ஒருபோதும் அந்த மக்கள் இல்லை.

சுதந்திர இந்தியாவின் முதல் கணக்கெடுப்பு 1951. அதை நடத்திய ஆணையர் ஆர்.ஏ. கோபாலசாமி தம் அறிக்கையில் ஒரு புதுச் சொல்லை உருவாக்கினார். மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ பெற்று, அவற்றில் ஒன்றாவது உயிரோடு இருக்க, மறுபடியும் பெறுவதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'முன்யோசனையற்ற தாய்மை' எனலாம். 'தாய்மை' என்பதைக் கவனிக்க வேண்டும். தகப்பனுக்கு முன்யோசனை இருந்ததா என்று அந்தச் சொல் கேட்கவில்லை. இதே கோபாலசாமி பின்னர் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளராக வந்தார். 1950களின் பிற்பகுதியில், கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் தரும் திட்டம் இங்கே நடந்தது. ஆள் கூட்டிவருபவருக்கும் தரகு உண்டு. நாட்டிலேயே முன்னோடித் திட்டம் என்று பெயர் வாங்கியது.

அதற்கு ஒரு தலைமுறை முன்னதாகவே, இதே தமிழ் மண்ணில் வேறொரு குரல் கேட்டிருந்தது. 1930 வாக்கில் பெரியார் 'குடி அரசு' இதழில் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதினார். தாயின் உடல்நலம், குடும்ப வறுமை, நாட்டின் பொருளாதாரம் என்று மற்றவர்கள் சொல்லும் காரணங்களை அவர் ஒதுக்கி வைத்தார். பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்பது அவர் வாதம். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் அந்தக் கட்டுரையை இன்றும் படிக்கலாம். அரசு எடுத்துக்கொண்டது பெரியாரின் கருவியை. காரணத்தை எடுத்துக்கொண்டது கோபாலசாமியிடமிருந்து. இன்றைய பேச்சின் சிக்கல் முழுவதும் இந்தக் கலப்பில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நாட்டுக்காகப் பெறாதே என்று சொல்லிப் பழகியவர்களுக்கு, நாட்டுக்காகப் பெறு என்று சொல்லக் கூச்சம் இருக்காது.

அந்த முன்னோடித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் அறுவைக்குப் போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நெருக்கடி நிலைக் காலத்தின் கட்டாய அறுவைகளுக்குப் பிறகு நாடெங்கும் ஆண்கள் அந்தப் பக்கம் தலைவைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். பாரம் அப்படியே பெண்ணுடம்பில் இறங்கியது. 2019–21இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 58 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை 0.1 விழுக்காடு. மாநிலத்தின் பெருமை என்று மேடைகளில் சொல்லப்படும் சாதனையை மருத்துவமனைக் கட்டிலில் படுத்துச் செய்தவர்கள் யார் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ரோமிலிருந்து 1968இல் வந்த போப்பின் சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையை விலக்கியது. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கத்தோலிக்கராய் இருக்கும் இக்கரையிலும் பெண்கள் பனிமய மாதாவைக் கும்பிட்டுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் வந்தார்கள்.

பிள்ளை குறைந்ததற்கு அறுவைக் கத்தி மட்டும் காரணமல்ல. காமராசரின் மதிய உணவுத் திட்டம் 1956இல் தொடங்கியது இதே மாவட்டத்து எட்டயபுரத்தில். 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தபோது சோறு தின்ற பிள்ளைகளோடு, சோறாக்கும் வேலை கிடைத்த விதவைகளும் கைவிடப்பட்ட பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகு நாலாவது, ஐந்தாவது தேவைப்படவில்லை. 1989இல் மகளுக்கும் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது. அதே ஆண்டு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் வந்த திருமண உதவித் திட்டம் படித்த பெண்ணுக்குத்தான் பணம் என்றது. பெண்ணைப் பள்ளியில் வைத்திருக்க வீட்டுக்கு ஒரு காரணம் கிடைத்தது. எல்லாமே வெளிச்சம் என்றும் சொல்ல முடியாது. பிள்ளை ஒன்றோ இரண்டோ என்று சுருங்கியபோது அது ஆணாக இருக்கட்டும் என்ற கொடுமையும் கூடவே வளர்ந்தது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்டதும் இதே மாநிலத்தில்தான்.

வாழத் தகுந்த மாநிலம், தொழில் வளர்ந்த மாநிலம் என்ற பெயருக்குப் பின்னால் பெண்களின் கூலி இருக்கிறது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று 2019–20இன் தொழில் ஆய்வு சொல்கிறது. தூத்துக்குடி 1974இல் பெருந்துறைமுகமானது. 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலையும் திறந்தாயிற்று. அந்தப் படங்களில் தெரியாத வேலை உப்பளத்தில் நடக்கிறது. வெயிலுக்கு முந்திக்கொள்ள விடியுமுன்னே பாத்தியில் இறங்க வேண்டும். வாரிய உப்பைப் பெண்கள் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவார்கள். உப்புநீரில் நின்று பாதம் வெடிக்கும். வெள்ளையில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் கெடும். ஒதுங்க மறைவில்லாததால் தண்ணீர் குடிக்காமலே வேலை பார்ப்பார்கள், அதன் பலன் கர்ப்பப்பை வரைக்கும் போகும். கூலி ஆணைவிடக் குறைவு. மழை பிடித்தால் அளம் மூடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையில்லாத அந்த மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்ததே சமீபத்தில்தான். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ், உடன்குடிப் பக்கம் கருப்பட்டி அடுப்பு. இடம் மாறும், உடம்பு நோவது மாறாது.

இவர்களில் ஒருத்தி இரண்டோடு நிறுத்துகிறாள், அவள் மகள் ஒன்றோடு நிறுத்துகிறாள் என்றால் அது வறுமையும் அறிவும் சேர்ந்து போட்ட கணக்கு. அளத்தில் பிள்ளையைக் கிடத்த நிழல் கிடையாது. மகளை நர்சிங் படிக்கவைக்க ஒருத்திக்குத்தான் கட்டுப்படியாகும். ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக 2018இல் நூறு நாள் உட்கார்ந்தவர்களில் பெண்கள் ஏராளம். காற்றும் தண்ணீரும் பிள்ளைகளுக்கு ஆகவில்லை என்பதே அவர்கள் சொன்ன முதல் புகார். பதில் துப்பாக்கியிலிருந்து வந்தது. 13 பேர் செத்தார்கள், பதினேழு வயதுப் பெண் ஒருத்தியும் அதில் உண்டு. ஓர் ஊர் வாழத் தகுந்ததா என்பதைப் பெண்கள் பல வழிகளில் சொல்லிப் பார்ப்பார்கள். பிள்ளை பெறாமல் இருப்பதும் அதில் ஒன்று.

கேட்டால் பெறுவார்களா? தமிழர் வாழும் சிங்கப்பூரைப் பார்க்கலாம். 1972இல் இரண்டோடு நிறுத்து என்று பிரசாரம் செய்த அரசு, 1987இல் வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறு என்று மாற்றிச் சொன்னது. இடையில் 1984இல் இன்னொன்றும் செய்தது. பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை. அதிகம் படிக்காத இளந்தாய் இரண்டோடு கருத்தடை செய்துகொண்டால் 10,000 வெள்ளி. யார் பெறலாம், யார் பெறக் கூடாது என்ற தரம்பிரிப்பு அவ்வளவு பச்சையாக வந்தது. எதிர்ப்பில் முதல் திட்டம் மறு ஆண்டே கைவிடப்பட்டது. அதற்குப் பின் கொடுத்த சலுகைகளுக்குக் கணக்கில்லை. 2023இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளை 0.97. குழந்தையை யார் பார்ப்பது, வேலை என்னாவது என்ற கேள்விகளுக்குப் பணம் மட்டும் பதிலாகவில்லை.

நம் நாட்டிலோ இதில் இன்னொரு முடிச்சும் விழுந்திருக்கிறது. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றிலொரு பங்கு இடம் என்று 2023இல் 106ஆம் திருத்தம் நிறைவேறியது. அடுத்த கணக்கெடுப்பும் அதை ஒட்டிய தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அது நடைமுறைக்கு வரும் என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். மாநிலத்தின் இடங்களைக் குறைக்கக்கூடிய அதே மறுவரையறையின் வாசலில் பெண்களின் இடங்களும் காத்து நிற்க வைக்கப்பட்டன. தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு இது விசித்திரமான நிலை. அவள் குறைவாகப் பெற்றதால் மாநிலத்துக்கு நட்டம் என்கிறார்கள்; அவளுக்குரிய இடத்தையும் அந்த நட்டக் கணக்கோடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 என்று அறிவிப்பு வந்திருக்கிறது. இதுவரையிலான கணக்கெடுப்புகளில் மணமான பெண்ணிடம் எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கேட்டு எழுதுவார்கள். ஆணிடம் அந்தக் கேள்வி இல்லை. வேலையைப் பற்றியும் கேட்பார்கள். ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்தால் முதன்மை வேலையாளர். அதற்குக் குறைந்தால் குறு வேலையாளர். உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டில் பதநீர்க் காலம் சில மாதங்கள்தான். அந்த மாதங்களில் புருசன் இறக்கிக் கொடுக்கும் பதநீரை அடுப்பில் ஏற்றி, விறகுப் புகையில் மணிக்கணக்காகக் கிண்டிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குகிறவள் மனைவி. மரமேறுகிறவர் பனைத்தொழிலாளி என்று பதிவாவார். அவளைக் கேட்டால் பெரும்பாலும் 'வீட்ல சும்மாதான் இருக்கேன்' என்று சொல்லுவாள். எழுத வந்தவரும் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.