வார்த்தைப்பாடுகள், கிறித்தவத் துறவறத்தில் (சித்தூர், திருப்பதி வட்டாரம்)

கத்தோலிக்கத் துறவற சபை ஒன்றில் சேரும் ஆணோ பெண்ணோ ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய மூன்றையும் கடைப்பிடிப்பதாகத் திருச்சபையின் முன்னிலையில் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு வார்த்தைப்பாடு எனப்படும். ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இத்தகைய துறவியர் 1598 முதல் வந்து போயினர். சிலர் தங்கி வாழ்ந்தனர். இடையிடையே அறுபட்ட இவ்வரலாற்றில் 18ஆம் நூற்றாண்டின் முதற்பாதிக்கு மட்டுமே விரிவான சான்றுகள் கிடைக்கின்றன. புங்கனூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பணியாற்றிய பிரெஞ்சு இயேசு சபையினரின் கடிதங்களே அவற்றுள் தலையாயவை.

பொருள்

மூன்று வார்த்தைப்பாடுகளும் இயேசுவின் வாழ்க்கை முறையைப் பின்பற்றுவதற்கு எனக் கொள்ளப்படுகின்றன. அவர் சொந்த வீடின்றித் திரிந்தார், மணம் செய்துகொள்ளவில்லை, தந்தையின் விருப்பத்துக்குச் சாவு வரை பணிந்தார். 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் துறவு வாழ்வை எதையும் மிச்சம் வைக்காத எரிபலியாகக் கண்டார். ஏழ்மையால் பொருளையும், கற்பால் உடலையும், கீழ்ப்படிதலால் தன் விருப்பத்தையும் மனிதர் கடவுளுக்குக் கொடுத்துவிடுகிறார் என்பதும், மூன்றில் கீழ்ப்படிதலே தலையாயது என்பதும் அவர் விளக்கம். திருமணம் தாழ்ந்தது என்றோ செல்வம் தன்னளவில் தீயது என்றோ இவ்வார்த்தைப்பாடுகள் கூறுவதில்லை. நல்லவை என்று அறிந்தே அவற்றைக் கொடுத்துவிடுவதில்தான் காணிக்கையின் மதிப்பு இருக்கிறது. திருமுழுக்கின்போது ஒவ்வொரு கிறித்தவரும் தம்மைக் கடவுளுக்கு ஒப்படைப்பதன் முழுமையான வடிவமாக இரண்டாம் வத்திக்கான் சங்கம் துறவற வாழ்வை விளக்கியது.

நேர்த்திக்கடன்களுக்குப் பெயர்பெற்ற இவ்வட்டாரத்தில் துறவற வார்த்தைப்பாட்டை நேர்ச்சையிலிருந்து வேறுபடுத்திக் காண்பது அவசியம். திருமலையில் முடி காணிக்கை செலுத்தும் பக்தரின் கடன் செலுத்தியதும் தீர்ந்துவிடுகிறது. வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் கிறித்தவரின் நேர்ச்சையும் அவ்வகையே. திருச்சபைச் சட்டம் அதைத் தனிப்பட்ட நேர்ச்சை என்று வகுக்கிறது. துறவற வார்த்தைப்பாடு பொதுவானது. திருச்சபையின் பெயரால் சபைத் தலைவர் ஏற்றுக்கொள்வது. பெற்ற வரத்துக்குக் கைம்மாறாக அது செய்யப்படுவதில்லை. செலுத்தித் தீர்க்கும் நாளும் அதற்கு இல்லை.

இன்று நடைமுறையில் உள்ள 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி நவதுறவகப் பயிற்சி குறைந்தது 12 மாதம் நீடிக்க வேண்டும். அதன்பின் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத தற்காலிக வார்த்தைப்பாடும், இறுதியில் நித்திய வார்த்தைப்பாடும் இடம்பெறுகின்றன.

தோற்றம்

எகிப்தின் பாலைநிலத் துறவியரிடம் 3, 4ஆம் நூற்றாண்டுகளில் தொடங்கிய கிறித்தவத் துறவு, 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்டின் ஒழுங்குகளால் மடவாழ்வாக உருப்பெற்றது. மூன்று வார்த்தைப்பாடுகளையும் ஒருங்கே பெயர் சொல்லி எடுக்கும் வழக்கம் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் நிலைபெற்றது என்பர். 1540இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற இயேசு சபை, மறைபரப்புப் பணிக்கு எங்கே அனுப்பினாலும் செல்வதாகத் திருத்தந்தைக்குக் கொடுக்கும் நான்காம் வார்த்தைப்பாட்டைச் சேர்த்துக்கொண்டது.

சந்திரகிரி (1598 முதல்)

திருப்பதியை அடுத்த சந்திரகிரி அப்போது விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதி ராயரின் தலைநகர். சாந்தோமில் இருந்த இயேசு சபைக் கல்லூரியின் தலைவர் சிமாவோ தெ சா 1598இல் அரசவைக்கு வந்தார். மன்னர் அவரை நன்கு வரவேற்றார். பின்னர் வந்தவர்களுள் பிரான்செஸ்கோ ரிச்சியோ தெலுங்கு கற்றார். அரசவை வேலூருக்கு மாறியபோது துறவியரும் உடன் சென்றனர். அந்தோனியோ ருபினோ அங்கே இருந்தார். இவர் 1643இல் ஜப்பானில் மறைசாட்சியாக இறந்தார். ஓவியம் தீட்டத் தெரிந்த துறவியரும் அரசவையில் இருந்தனர். மன்னர் அவர்களுடைய ஓவியங்களை விரும்பினார்.

இம்முயற்சி 1610களில் முடிவுற்றது. போர்த்துகலையும் ஆண்ட ஸ்பானிய மன்னரின் ஆணையே காரணம் என்பது பரவலான கருத்து. மதம் மாறியோர் மிகச் சிலராக இருந்ததும், சாந்தோமைச் சார்ந்த அரசியல் பூசல்களும் காரணங்களாகக் காட்டப்படுகின்றன. இத்துறவியர் அரச தயவில் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய ஏழ்மை வார்த்தைப்பாட்டைச் சந்திரகிரி மக்கள் எப்படிக் கண்டார்கள் என்பதற்கு அரசவைக் கடிதங்களில் அதிக இடமில்லை.

கருநாடக மிஷன் (1700–1773)

1688இல் சயாமிலிருந்து வெளியேற்றப்பட்ட பிரெஞ்சு இயேசு சபையினர் சிலர் புதுச்சேரிக்கு வந்தனர். டச்சுக்காரரிடம் இருந்த புதுச்சேரி 1699இல் பிரெஞ்சுக்காரருக்கு மீண்டபின், ஆர்க்காட்டுக்கு மேற்கிலும் வடக்கிலும் உள்ள தெலுங்கு, கன்னட நாட்டுக்கு அவர்கள் புறப்பட்டனர். இதுவே கருநாடக மிஷன். பியேர் மொதுவி 1701இல் உள்நாட்டில் நெடும் பயணம் சென்றார். மதுரை மிஷனில் ஆவூரில் பணியாற்றிப் பழகிய ழான் வெனான் பூஷே தலைமையேற்றுத் தக்கோலத்தில் தங்கினார். ழான் பத்திஸ்து தெ லா ஃபோந்தேன் புங்கனூரில் பணியாற்றினார். புங்கனூர் பழைய சித்தூர் மாவட்டத்தின் மேட்டுநிலத்தில் மைசூர் எல்லையை ஒட்டியுள்ள பாளையம். அங்கிருந்து சிக்பள்ளாப்பூர், கிருஷ்ணாபுரம், மதிகுப்பா எனப் பணித்தளங்கள் விரிந்தன.

வார்த்தைப்பாடுகளின் பொருள் இவ்வட்டாரத்தில் முதன்முதலாக மக்கள் கண்முன் சோதிக்கப்பட்டது அப்போதுதான். இயேசு சபை நிறுவனர் இக்னேசியுஸ் தம் சபையினருக்குத் தனி உடையோ கட்டாயத் தவமுறைகளோ வகுக்கவில்லை. ஐரோப்பாவில் அவர்கள் மற்றக் குருமாரைப் போலவே உடுத்தினர், கிடைத்ததை உண்டனர். புங்கனூரில் அது போதவில்லை. துறவி யார் என்பதற்கு இந்நாட்டில் தெளிவான, நெடுங்காலமாக வேரூன்றிய அளவுகோல் இருந்தது. இறைச்சி உண்டு மது அருந்துபவர் துறவி என்று சொல்லிக்கொண்டால் நம்ப ஆளில்லை.

ஆகவே மதுரையில் 1606 முதல் இராபர்ட் தெ நொபிலி காட்டிய வழியில் இவர்களும் சந்நியாசிகளாக வாழ்ந்தனர். நாளுக்கு ஒரு வேளை சோறு, காய்கறி, பால். இறைச்சி, மீன், முட்டை, மது அறவே இல்லை. காவி தோய்த்த பருத்தி ஆடை, கையில் கோலும் கமண்டலமும், காலில் விரலிடுக்கில் குமிழ் பிடித்து நடக்கும் பாதக்குறடு. படுக்கை, தரையில் விரித்த மான்தோல் அல்லது புலித்தோல். புதிதாக வந்தவர்களின் கடிதங்களில் பாதக்குறட்டால் புண்ணான கால்களும், பழகாத உணவால் நலிந்த வயிறும் அடிக்கடி வருகின்றன. முறையீடாக அல்ல, சொல்ல வேண்டிய செய்தியாகவே அவர்கள் அதை எழுதினர். பாரிசில் தொகுதி தொகுதியாக அச்சான இக்கடிதங்களே அக்காலத்தை இவ்வளவு விரிவாக அறிய உதவுகின்றன. அவை ஐரோப்பியக் கொடையாளரின் உள்ளத்தைத் தொட எழுதப்பட்டவை என்பதை மறவாமல் அவற்றைப் படிக்க வேண்டும். தாசரிகள் எனப்பட்ட வைணவ அடியாரின் எதிர்ப்பைப் பற்றி அவை கூறுவதும் ஒரு தரப்புக் கூற்றே.

இவ்வாழ்வு முறை வார்த்தைப்பாடுகளுக்குள் அடங்கியதா, அவற்றுக்கு மேல் ஏற்றுக்கொண்ட தவமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மறைபரப்புக்கான உத்தி மட்டுமே என்று கருதுவோரும் உள்ளனர். கடிதங்களை எழுதியவர்கள் அப்படிப் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஏழ்மை என்ற வாக்கு கொடுக்கப்பட்ட மண்ணில் ஏழ்மையாகத் தெரிய வேண்டும் என்பது அவர்களுடைய துணிவு.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. உயர்சாதியார் ஏற்கும் சந்நியாசியாக வாழ்ந்தவர் ஒடுக்கப்பட்டோரின் வீட்டுக்குள் செல்ல முடியவில்லை. சாகும் தறுவாயில் இருந்த பறையர் ஒருவருக்கு இறுதி அருட்சாதனம் வழங்கவும் வெளியிடம் தேட வேண்டியிருந்தது. எல்லாரையும் சமமாக நேசிக்கவென்று கொடுத்த வாக்கு சாதிக் கட்டுப்பாட்டின் வாசலில் நின்றது. திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை இதையும் வேறு பல வழக்கங்களையும் தடுத்தது. பூஷேயும் மதுரை மிஷனின் பிரான்சிஸ்கோ லைனசும் வழக்கங்களுக்காக வாதாட உரோமுக்குச் சென்றனர். வழக்கு நாற்பது ஆண்டு நீடித்தது. 1739இல் மறைபரப்பாளர் ஒவ்வொருவரும் ஆணையை ஏற்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்பளித்தார். ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனிக் குருமாரை ஏற்படுத்த இயேசு சபை இசைந்தது. இச்சத்தியம் எடுக்கும் கடமை 1940இல்தான் நீக்கப்பட்டது.

கீழ்ப்படிதலின் கடுமையான சோதனையாக இவ்வழக்கைக் காண்பதே பொருத்தம். தம் வாழ்நாள் உழைப்பு தவறென்று தீர்ப்பானபின்பும் பெரும்பாலோர் பணியை விட்டு விலகவில்லை. தீர்ப்பை அவர்கள் முழு மனத்தோடு ஏற்றார்களா, இயன்றவரை தாமதித்தார்களா என்பது இன்னும் விவாதத்துக்குரியது.

ஏழ்மையின் தோற்றம் பற்றிய மற்றொரு விவாதமும் இக்காலத்தைச் சேர்ந்தது. மதுரை மிஷனின் வீரமாமுனிவர் பட்டாடையோடு பல்லக்கில் சென்றார் என்று முத்துசாமிப் பிள்ளை 1822இல் எழுதிய வரலாறு கூறுகிறது. பின்வந்த ஆய்வாளர் பலர் இதை ஐயுறுகின்றனர்.

1732இல் இந்தியா வந்த காஸ்தோன் லொரான் கூர்து கிருஷ்ணாபுரத்தில் பணியாற்றித் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் புலமை பெற்றார். சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றின் உறவைச் சுட்டி 1767இல் பாரிசுக்கு எழுதினார். 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் இயேசு சபையைக் கலைத்தபோது கூர்து எண்பது வயதைக் கடந்தவர். திருத்தந்தைக்குத் தனி வாக்குக் கொடுத்த சபையை அதே திருத்தந்தைப் பீடம் கலைத்தது. வார்த்தைப்பாடுகளும் சட்டப்படி தளர்ந்தன. கூர்துவும் தோழர்களும் மறைமாவட்டக் குருமாராகப் புதுச்சேரியில் பணியைத் தொடர்ந்தனர். கூர்து 1779இல் இறந்தார்.

இடைவெளி (1773–1844)

1776இல் கருநாடக மிஷனின் பொறுப்பேற்ற பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சங்கத்தினர் துறவற வார்த்தைப்பாடு எடுக்காத குருமார் என்பதாலும், ஹைதர், திப்பு காலப் போர்களாலும் இவ்வட்டாரத்தின் துறவற வரலாறு ஏறத்தாழ எழுபது ஆண்டு மௌனமாகிறது.

பெண் துறவியர்

இந்தியப் பெண்களுக்கான கார்மேல் மடம் புதுச்சேரியில் 1748இல் தோன்றியதாகக் கூறுவர். குழந்தை மணமும் கைம்மைக் கொடுமையும் நிலவிய சமூகத்தில் ஒரு பெண் கற்பு வார்த்தைப்பாட்டைத் தானே முன்வந்து எடுப்பது, தன் வாழ்வைப் பற்றித் தானே முடிவு செய்வதாகவும் இருந்தது. லூயி சவினியன் துப்புய் அடிகளார் 1844 அக்டோபர் 16 அன்று புதுச்சேரியில் மரியாவின் மாசற்ற இருதய சபையை நிறுவினார். பெண் கல்வியே அதன் முதற்பணி.

தெலுங்கு நாட்டில் இயேசு மரி சூசை சபைச் சகோதரியர் 1904இல் குண்டூருக்கு வந்தனர். ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி 1920இல் அங்கே வந்து அச்சபையில் சேர்ந்தார். துறவியர் மருத்துவத் தொழில் செய்வதைச் சட்டம் அனுமதிக்காத காலம் அது. திருத்தந்தையின் தனி இசைவைப் பெற்றே அவர் நோயாளிகளைத் தொட்டு மருத்துவம் பார்த்தார். துறவற மகளிர் பேறுகால மருத்துவம் செய்ய 1936இல் பொதுவாக வழி திறக்கப்பட்டது. கற்பு வார்த்தைப்பாடு உடலிலிருந்து விலகி நிற்பதல்ல, நோயுற்ற உடலுக்குப் பணி செய்யும் உரிமை என்ற புரிதல் இவ்வாறு வேரூன்றியது. 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை அவர் தொடங்கினார். 1957இல் பெங்களூரில் இறந்தார்.

சீர்திருத்தத் திருச்சபைகள்

மார்ட்டின் லூதர் 1521இல் துறவற வார்த்தைப்பாடுகளைக் கண்டித்து நூல் எழுதினார். சீர்திருத்த மரபின் சபைகளில் துறவற வாழ்வு பெரும்பாலும் மறைந்தது. 1853இல் ஸ்கடர் குடும்பத்தார் நிறுவி, சித்தூரிலும் மதனப்பள்ளியிலும் பள்ளியும் மருத்துவமும் வளர்த்த அமெரிக்க ஆர்க்காடு மிஷனும் அம்மரபினதே. எனினும் சித்தூர் 1911 வரை சேர்ந்திருந்த வட ஆர்க்காடு மாவட்டத்தின் திருப்பத்தூரில் 1921இல் மருத்துவர்கள் சவரிராயன் ஜேசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினர். பெரியண்ணன், சின்னண்ணன் என்று ஊரார் அழைத்த இருவரும் மணம் செய்யாமல், ஊதியம் பெறாமல், கதர் உடுத்தி வாழ்ந்தனர். அவர்கள் ஏற்றுக்கொண்டதை வார்த்தைப்பாடு என்று சொல்லலாமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. புங்கனூர்ச் சந்நியாசிகளின் வாழ்வோடு அது கொண்ட ஒற்றுமை கவனிக்கத்தக்கது; அவர்களைத் தடுத்த சாதி வாசலை ஆசிரமத்தார் கடந்து சென்றனர்.

அண்மைக் காலம்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட ஆவணம் ஒவ்வொரு சபையும் தன் நிறுவனரின் நோக்கத்துக்குத் திரும்பவும் காலத்துக்கேற்பப் புதுப்பித்துக்கொள்ளவும் பணித்தது. 1976இல் கடப்பா மறைமாவட்டம் உருவாகி, பழைய சித்தூர் மாவட்டம் அதன்கீழ் வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. வட்டாரத்தின் இன்றைய துறவற இல்லங்களைப் பற்றிய தொகுப்பு வரலாறு இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.

நான்கு நூற்றாண்டுச் சான்றுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, உடையும் உணவும் மாறியுள்ளன. வார்த்தைப்பாட்டின் பொருள் மாறவில்லை. விட்டது என்ன என்பதைவிட, விட்டவர் யாருக்காகத் தம்மைக் கொடுத்தார், யாருடைய வீட்டுக்குள் சென்றார் என்பதே அதன் உரைகல்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஏற்படுத்தியபடி, 1997 முதல் ஆண்டுதோறும் பிப்ரவரி 2 அர்ப்பண வாழ்வு நாளாகக் கொண்டாடப்படுகிறது. துறவறத்தார் பலர் அன்றைய திருப்பலியில் தம் வார்த்தைப்பாடுகளைப் புதுப்பித்துக்கொள்கின்றனர்.