வளைகுடாவின் பழைய வீடுகள்: சுவர் ஒருவருக்கு, மின்கட்டணம் மற்றவருக்கு

ஐரோப்பாவில் பழைய வீடொன்றை முழுவதும் மின்சாரத்தில் இயங்கும் வீடாக மாற்றுவது என்றால், குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக்கும் எரிவாயுக் கொதிகலனை அகற்றுவதுதான் பிரதான வேலை. வளைகுடா நாடுகளில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. அங்கு சமையலறை அடுப்பைத் தவிர ஏறக்குறைய அனைத்தும் ஏற்கெனவே மின்சாரத்தில்தான் இயங்குகின்றன. கோடையில் அந்த மின்சாரத்தின் பெரும்பகுதியைக் குளிர்சாதனக் கருவிகள் விழுங்கிவிடுகின்றன என்பதே அங்குள்ள பிரச்சினை.

துபாயின் தேரா, கராமா, ஷார்ஜாவின் ரோலா போன்ற, தமிழர்கள் பலர் வாழும் பகுதிகளில் உள்ள பழைய அடுக்குமாடிக் கட்டடங்கள் பல, வெப்பக்காப்பு விதிகளுக்கு முந்தியவை. குவைத் 1983ஆம் ஆண்டிலேயே இத்தகைய விதிகளை வகுத்தது. துபாயில் வெப்பக்காப்பு 2003இல்தான் கட்டாயமானது. பசுமைக் கட்டட விதிகள் 2014 முதல் தனியார் கட்டடங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டன. இவற்றுக்கு முந்தைய வீடுகளில், பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் இரவில் வெப்பத்தை அறைக்குள் விடுகிறது. சன்னல் ஏசியைச் சுற்றியுள்ள இடுக்குகள் வழியாக அனல் நுழைகிறது.

இந்த மண்ணின் பழைய வீடுகள் இவ்வாறு இருக்கவில்லை. துபாயின் அல் ஃபாஹிதி பகுதியில் பாதுகாக்கப்பட்டு வரும் வணிகர் இல்லங்கள், பவளக்கல்லால் ஆன தடித்த சுவர்களும், காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும் 'பர்ஜீல்' கோபுரங்களும் கொண்டவை. மலிவான மின்சாரம் வந்தபின் அந்த அறிவு தேவையற்றதாகிப் போனது.

மாற்றியமைக்கும் பணியில் வரிசைமுறை முக்கியமானது. முதலில் கூரைக்கு வெப்பக்காப்பு, சன்னல்களுக்கு வெளிப்புற நிழல், இடுக்குகளை அடைத்தல். அதன் பிறகே புதிய ஏசி. கடைசியில் சூரியத் தகடுகள். வெப்பம் உள்ளே வருவதைத் தடுத்துவிட்டால் சிறிய ஏசியே போதும். வரிசையை மாற்றுபவர்கள், தேவைக்கு மிஞ்சிய கருவிக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

துபாய் மின்சார, நீர் ஆணையம் 2013இல் அமைத்த எதிஹாத் எஸ்கோ நிறுவனத்துக்கு, 2030க்குள் 30,000 பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் இலக்கு வகுக்கப்பட்டது. சீரமைப்புச் செலவை முதலில் ஒரு நிறுவனம் ஏற்று, பின்னர் மிச்சமாகும் மின்கட்டணத்திலிருந்து அதை மீட்டுக்கொள்வது இதன் அடிப்படை. கட்டணம் செலுத்துபவரே கட்டடத்துக்கும் பொறுப்பாக இருக்கும் அலுவலகங்கள், கிடங்குகள் போன்றவற்றில் இந்த ஏற்பாடு பொருந்துகிறது. ஹத்தாவில் குடிமக்களின் வில்லாக்களில் ஆணையமே சூரியத் தகடுகளைப் பொருத்தியது.

வாடகை அடுக்குமாடிதான் சிக்கலான இடம். மின்கட்டணத்தைக் கட்டுபவர் குடியிருப்பவர். சுவரும் கூரையும் உரிமையாளருடையவை. துபாயின் 2007ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, உரிமையாளரின் அனுமதியின்றி குடியிருப்பவர் வீட்டில் மாற்றம் எதுவும் செய்ய முடியாது. செலவு செய்தால் பலன் வாடகைதாரருக்குப் போகும் என்பதால் உரிமையாளருக்கும் அவசரமில்லை. அடுத்த ஆண்டு விசா நீடிக்குமா என்பதே தெரியாத ஒருவர், பல ஆண்டுகளில் திரும்பி வரும் முதலீட்டைச் செய்வார் என்று எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. 2015இல் தொடங்கிய 'ஷம்ஸ் துபாய்' திட்டம் கூரையில் மின்சாரம் தயாரித்து, உபரியைக் கணக்கில் வரவு வைக்க வழி செய்கிறது. ஆனால், அதற்கும் சொந்தக் கூரை வேண்டும்.

கட்டணத்திலும் இந்த வேறுபாடு தெரிகிறது. துபாயில் குடிமக்களுக்கான மின்கட்டணம் வெளிநாட்டவருக்கானதைவிடக் குறைவு. சவூதி அரேபியாவில் 2017 வரை வீடுகளுக்கு மாதத்தின் முதல் 2,000 யூனிட்டுகள் தலா 5 ஹலாலாவுக்கே கிடைத்தன. 2018 தொடக்கத்தில் அது 18 ஹலாலாவாக உயர்ந்தது. மின்சாரம் அவ்வளவு மலிவாக இருந்த காலத்தில் வெப்பக்காப்பு பற்றி யாரும் யோசிக்காததில் வியப்பில்லை.

வாடகைதாரரின் கைக்கு எட்டுபவை சிறியவை: ஏசியை 24 டிகிரியில் வைப்பது, வடிகட்டியைக் கழுவுவது, தடித்த திரைச்சீலை, கதவிடுக்கு நாடா. கேஸ் சிலிண்டருக்குப் பதில் இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறுபவர்களின் இரும்புத் தோசைக்கல் அதில் சூடேறும். அலுமினிய இட்லிப் பானை பொதுவாக ஏறாது. சூடான மாதங்களில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே கொதிப்பதால், பலர் கீசரை அணைத்துவிட்டு, ஏசி அறைகளின் குளுமையில் ஆறிய அதன் தண்ணீரைக் குளிர்ந்த நீராகப் பயன்படுத்துகிறார்கள்.