பந்தியும் அடுப்பும்

தமிழகத்தில் சாதி வேற்றுமை மிகக் கூர்மையாக வெளிப்பட்ட இடங்களுள் ஒன்று சாப்பாட்டு இலை. யாரோடு உட்கார்ந்து உண்ணலாம், யார் கையால் தண்ணீர் வாங்கலாம், யார் சமைத்ததைத் தொடலாம் என்பதற்கெல்லாம் தனித்தனி விதிகள் இருந்தன. சாதிக்கொரு பந்தி நடந்தது. வயலில் உழைத்தவர்களுக்குக் கூழைக் கொல்லைப்புறத்தில் தூக்கி ஊற்றினார்கள். தேநீர்க் கடைகள் வந்தபோது அதே விதி இரட்டைக் குவளையாக உருமாறியது.

வெறுப்பு உணவைச் சுற்றி இவ்வளவு இறுக்கமாகப் படர்ந்ததற்கு உளவியல் ஒரு விளக்கம் தருகிறது. அமெரிக்க உளவியலாளர் பால் ரோசினும் அவருடைய குழுவினரும் 1986-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், இரண்டு புட்டிகளில் சர்க்கரையை நிரப்பி, ஒன்றில் ‘சர்க்கரை’ என்றும் மற்றதில் ‘சோடியம் சயனைடு’ என்றும் சீட்டு ஒட்டச் சொன்னார்கள். ஒட்டியவர்கள் சோதனைக்கு வந்தவர்களேதான். இரண்டிலும் இருப்பது சர்க்கரை என்று தெரிந்தும், நச்சுப் பெயர் தாங்கிய புட்டிச் சர்க்கரையை உட்கொள்ள அவர்கள் தயங்கினார்கள். தீட்டும் இப்படி மனிதர்மேல் ஒட்டப்பட்ட சீட்டுதான். அது பொய் என்று அறிவு ஒப்புக்கொண்ட பிறகும் தொண்டை ஒப்புக்கொள்ள மறுக்கும். பேச்சால் மட்டும் இதைக் கரைக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து உண்ணும் பழக்கம் வேண்டியிருந்தது.

அந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்கள் சமயத் துறையிலிருந்தும் சமூகச் சீர்திருத்தத்திலிருந்தும் வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென் திருவிதாங்கூரில் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாரையும் ஒரே கிணற்றுக்கும் ஒரே பந்திக்கும் அழைத்தார். வள்ளலார் 1867-இல் வடலூரில் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் பசியோடு வந்தவரிடம் சாதி கேட்கப்படவில்லை. கேரளத்தின் செறாயியில் சகோதரன் அய்யப்பன் 1917-இல் நடத்திய மிசிரபோஜனம் என்னும் கலப்பு விருந்து கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. ஈழவரும் புலையரும் சேர்ந்து உண்டதற்காக அவரைச் சொந்தச் சாதியாரே தூற்றினார்கள்.

தமிழக அரசியலை உலுக்கியது சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் தேசியக் கல்விக்கென உருவானது. தமிழ்நாடு காங்கிரஸிடமிருந்து 5,000 ரூபாய் நன்கொடையும் பெற்றிருந்தது. அங்கே இரண்டு பிராமண மாணவர்களுக்குத் தனியே உணவு பரிமாறப்படும் செய்தி 1924-இல் வெளியே வந்தது. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாது என்றார் ஐயர். காங்கிரஸ் தலைவர்களான வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும், பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் வேற்றுமைக்கு இடமில்லை என்று வாதிட்டார்கள். கொடுத்த வாக்கு அந்த இருவர் மட்டில் இருக்கட்டும், இனி வருவோர் சமபந்திக்கு இசைந்தே சேர வேண்டும் என்பதாகக் காந்தி யோசனை சொன்னார். பூசல் அதோடு அடங்கவில்லை. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் ஐயர் உயிரிழந்தார். அவ்வாண்டு நவம்பரில் பெரியார் காங்கிரஸைவிட்டு வெளியேறினார்.

ஐயர் தம்மளவில் சாதி பார்த்து உண்டவர் அல்லர். ஆனாலும், நிறுவனம் அனுமதித்த ஒரு சிறு விலக்கு மற்ற எல்லா மாணவருக்கும் அவர்களுடைய இடம் எதுவென்று நாள்தோறும் சொல்லிக் கொடுத்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1954-இல் வெளியான ‘முற்சாய்வின் இயல்பு’ என்னும் நூலில் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் இதைக் கோட்பாடாக வகுத்தார். இரு குழுவினர் சந்தித்தால் மட்டும் வெறுப்புக் குறையாது. சமநிலையில் சந்திக்க வேண்டும், பொது இலக்கு வேண்டும், அதற்காக ஒத்துழைக்க வேண்டும், சட்டமோ அதிகாரமோ வழக்கமோ துணை நிற்க வேண்டும் என்றார். ஆய்வாளர்கள் பெட்டிக்ரூவும் டிராப்பும் 500-க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட முடிவும் தொடர்பு பொதுவாக வெறுப்பைக் குறைக்கிறது என்றே காட்டியது. உத்தரப் பிரதேசத்தில் மாட் லோ நடத்திய கிரிக்கெட் ஆய்வில், பல சாதியினர் கலந்த அணியில் ஆடியவர்களிடையே நட்பு கூடியது. எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களிடம் அந்தப் பலன் தென்படவில்லை.

தமிழகத்தில் அதிகாரத்தின் துணை மெல்ல வந்தது. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்கென இருந்த தனியிடம் 1941-இல் ஒழிந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு உணவகக் கதவுகளை எல்லாருக்கும் திறந்தது. பெயர்ப் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அகற்ற 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு திராவிடர் கழகத்தினர் மறியல் செய்தார்கள்.

இவற்றையெல்லாம்விட ஆழமாக வேலை செய்தது பள்ளிச் சாப்பாடு. 1956-இல் காமராஜர் ஆட்சியில் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் சத்துணவாக விரிந்த திட்டத்தின் முதல் நோக்கம் பசி தீர்ப்பதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைப்பதும்தான். ஆனால் ஒரே உணவு, ஒரே நேரம், ஒரே வரிசை என்று ஆண்டுக்கணக்கில் நீடித்ததால் அது ஆல்போர்ட் சொன்ன சூழலுக்கு நெருங்கி வந்தது. ஆகஸ்டு 15 அன்று கோயில்களில் நடக்கும் பொது விருந்தில் இந்தத் தொடர்ச்சி கிடையாது. அமைச்சரோடு ஒருவேளை உண்டவர் மறுநாள் ஊரின் பழைய ஒழுங்குக்கே திரும்புகிறார்.

பந்தி இளகிய பிறகும் அடுப்படி இளகவில்லை. சமையலர் நியமனத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் உத்தரவிட்டது. அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டாரத்துப் பள்ளியொன்றில் தலித் பெண் சமைப்பதைப் பெற்றோர் சிலர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடமாற்றியதுதான். சேரன்மாதேவியில் இருவருக்காகப் பந்தியை வளைத்த அதே இணக்கம் இது. வெறுப்புக்கு அரசே கொடுத்த அங்கீகாரம். கண்டனம் எழுந்த பின் இடமாற்றம் ரத்தானது. எதிர்த்தவர்கள்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கு பதிவானது. அந்தப் பெண்ணுக்கு அதே சமையற்கூடத்தில் பணி திரும்பக் கிடைத்தது.